தகப்பன் குடித்தால் பிள்ளையின் மூளையில் என்ன இருக்கும்?

கேள்வி, மார்ச் 4

என் மகனுக்கு 14 வயது. என் வீட்டுக்காரருடைய அப்பா குடித்தே ஈரல் பழுதாகிச் செத்தவர். இவரும் பின்னேரமானால் போத்தலோடுதான். இவருடைய தம்பியும் அப்படியே. போன கிழமை மாமி என் மகனைப் பார்த்து, "இவனும் குடிப்பான், இரத்தத்திலேயே இருக்கு" என்று அவன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். குடிகாரர்களின் பிள்ளைகளுக்கு மூளையே வேறு மாதிரி என்று எங்கோ வாசித்தேன். உண்மையா? ஸ்கேன் எடுத்தால் இவனுக்கு இருக்கிறதா இல்லையா என்று தெரியுமா? கொழும்பில் எங்கே எடுக்கலாம்?

பதில், மார்ச் 4, இரவு

ஸ்கேன் எடுக்க வேண்டாம் தங்கச்சி. காசு வீண். அதைவிட மோசம், பெடியன் தனக்குள் ஏதோ நோய் இருக்கிறது, அதனால்தான் அம்மா கூட்டிக்கொண்டு போகிறா என்று நினைத்துவிடுவான்.

நீங்கள் வாசித்தது பொய் இல்லை. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஷெர்லி ஹில் என்ற ஆய்வாளர் இப்படிப்பட்ட குடும்பங்களைப் பல வருடங்களாகப் பின்தொடர்ந்திருக்கிறார். ஏதோ ஒரு மாமா குடித்தார் என்ற அளவில் இல்லை. கூடப்பிறந்தவர்களில் இரண்டு பேராவது குடிக்கு அடிமையான குடும்பங்களாகப் பார்த்துத் தெரிந்தெடுத்தார். 2001-இல் அந்தக் குடும்பங்களைச் சேர்ந்த இளம் பிள்ளைகள் 17 பேரையும் குடி இல்லாத குடும்பத்துப் பிள்ளைகள் 17 பேரையும் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். முதல் கூட்டத்துக்கு வலப்பக்க அமிக்டலா சராசரியாகச் சிறிதாக இருந்தது. அமிக்டலா என்பது மூளையின் ஆழத்தில், இரண்டு பக்கமும், பாதாம் பருப்பளவில் இருக்கும் பகுதி. பயம், ஆசை, எது நமக்கு முக்கியம் என்று சட்டென்று உணர்வது, எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு. பிறகு 2007-இல் சிறுமூளை பெரிதாக இருப்பதையும், 2009-இல் கண்ணுக்கு மேலே இருக்கிற முன்மூளைப் பகுதியில் வல இடப் பக்கங்களின் விகிதம் மாறியிருப்பதையும் அதே குழு கண்டது.

சராசரி என்பதைக் கவனியுங்கள். இரண்டு கூட்டத்தையும் கலந்து உட்கார வைத்து, அமிக்டலா அளவை மட்டும் வைத்து யார் எந்த வீட்டுப் பிள்ளை என்று பிரிக்கச் சொன்னால் ஒருவராலும் முடியாது. சின்ன அமிக்டலாவோடு குடியை நினைத்தும் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள். பெரிய அமிக்டலாவோடு விழுந்து கிடப்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு தனிப் பிள்ளையின் ஸ்கேனைப் பார்த்து இவன் குடிப்பான், குடிக்கமாட்டான் என்று சொல்லும் வைத்தியர் உலகத்தில் எங்கும் இல்லை, கொழும்பிலும் இல்லை.

மார்ச் 5, காலை

சிறுமூளை பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். நான் ஏ.எல். (உயர்தர வகுப்பு) பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் கொடுக்கிறவள், வகுப்பிலும் இதே கேள்வி வரும். சின்ன வயதில் மூளை தேவைக்கு மேலாக நரம்பு இணைப்புகளை உண்டாக்கி வைக்கிறது. பதின்ம வயதில் பயன்படாதவற்றைக் கழித்துவிட்டு, மிச்சத்தைப் பலப்படுத்துகிறது. அந்த வேலை முன்மூளையில் இருபதுகளின் நடுப்பகுதி வரைக்கும் நடக்கிறது. ஆகவே அந்த வயதில் ஒரு பகுதி பெரிதாக இருந்தால், கழிக்கும் வேலை பிந்தி நடக்கிறது என்றும் எடுக்கலாம். ஹில்லின் குழு அப்படித்தான் எடுத்தது.

பிந்துவது என்றால் நடக்காமலே போவது அல்ல. இது முக்கியம். 14 வயதில் ஒரு பெடியனின் மூளையைப் பார்த்து முடிவு சொல்வது, பாதியில் நிற்கிற வேலையைப் பார்த்து முடிவு சொல்வது.

மார்ச் 5, பின்னேரம்

"அந்தப் பிள்ளைகள் களவாகக் குடித்திருப்பார்கள், அதனால்தான் மூளை மாறியிருக்கும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நியாயமான சந்தேகம். ஆனால் அதற்குப் பதில் 1984-இலேயே வந்துவிட்டது. நியூயோர்க்கின் புரூக்ளினில் ஹென்றி பெக்லைட்டர் என்பவர், குடிக்கு அடிமையான தகப்பன்களின் ஆண்பிள்ளைகளை, 7 முதல் 13 வயதுக்குள், மதுவே தொடாதவர்களாகப் பார்த்து எடுத்தார். தலையில் மின்முனைகளை ஒட்டி ஒரு சின்ன வேலை கொடுத்தார். வழக்கத்துக்கு மாறான ஒன்று கண்ணில் பட்டால் கிட்டத்தட்ட 300 மில்லிசெக்கனில் மூளையில் ஒரு மின் அலை எழும்பும், பி300 என்பார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு அந்த அலை தாழ்வாக இருந்தது. குடிக்க முன்னமே.

அண்மையில் அமெரிக்காவில் பல இடங்களில் நடக்கும் பெரிய பிள்ளைகள் ஆய்வு ஒன்றிலிருந்து, சுமார் 9,800 பேரின் ஸ்கேன்களை வைத்து 2024-இல் ஒரு கட்டுரை வந்தது. 15 வயதுக்கு முன்னரே மது, சிகரெட், கஞ்சா என்று ஏதாவது தொட்ட பிள்ளைகளின் மூளையில் தெரிந்த வேறுபாடுகளில் பல, அவர்கள் எதையும் தொட முன்னரே இருந்தன. ஆகவே ஏதோ ஒன்று முன்கூட்டியே இருக்கிறது. அதை மறைத்துப் பேசி உங்களைத் தேற்ற நான் விரும்பவில்லை.

ஆனால் பி300 தாழ்வு குடிக்கு மட்டும் சொந்தமானது இல்லை. கவனக்குறைவும் துறுதுறுப்பும் உள்ள பிள்ளைகளிடமும் இருக்கிறது, மனச்சிதைவு உள்ளவர்களிடமும் இருக்கிறது. குடிக்கான முத்திரை என்று ஒன்று மூளையில் இல்லை. கொஞ்சம் அவசரம், கொஞ்சம் கட்டுப்பாட்டுக் குறைவு என்கிற சுபாவம் இருக்கிறது. அது எந்தப் பக்கம் போகும் என்பது வேறு கதை.

மார்ச் 6

ஏன் இவ்வளவு தூரம் மினக்கெட்டு எழுதுகிறேன் என்று ஒரு தம்பி கேட்டார். சொல்கிறேன்.

நான் கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவள். அப்பா புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதினார். பகலில் அவரைப் போல் ஒழுங்கான மனிதரைப் பார்க்க முடியாது. பின்னேரம் கால் போத்தல் சாராயம். நான் ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) எடுக்கிற காலத்தில் அது அரைப் போத்தலாகியிருந்தது. போயாவுக்கு, அதாவது பௌர்ணமி விடுமுறைக்கு, சாராயக் கடை பூட்டு என்பதால் முதல் நாளே வாங்கி வைத்துவிடுவார். அம்மா அதை அரிசி வாளிக்குள் ஒளிப்பா, தையல் மெஷின் பெட்டிக்குள் ஒளிப்பா. அவர் எடுத்துவிடுவார்.

காலையில் அவருக்குத் தேத்தண்ணி கொண்டுபோவது என் வேலை. கோப்பையை நிரப்பக் கூடாது என்று எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். கை நடுங்கும், கீழே இருக்கும் தட்டில் கொட்டும், கொட்டினால் அவருக்கு வெட்கம். அதனால் அரைக் கோப்பைதான் ஊற்றிக் கொடுப்பேன். "ஏன் பிள்ளை பாதி?" என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. இரண்டாம் முறையும் பாதி ஊற்றிக்கொண்டு போவேன்.

நாங்கள் மூன்று பேர். அண்ணா பள்ளிக்கூடம் முடிக்க முன்னரே தொடங்கிவிட்டார். தம்பி இன்றுவரை வாயில் வைத்ததில்லை. ஒரே அப்பா, ஒரே அம்மா, ஒரே இரண்டு அறை. என்னைச் சொல்வதென்றால், நான் பெண். எங்கள் சனத்தில் பெண்பிள்ளைக்கு யாரும் கிளாஸ் நீட்டுவதில்லை. அப்பாவின் மரபணுக்களில் பாதி எனக்கும்தான் வந்தது. அது என்ன செய்திருக்கும் என்று தெரிந்துகொள்ள எனக்குச் சந்தர்ப்பமே வரவில்லை.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இலங்கையில் குடிகாரத் தகப்பன்மாருக்கு மகன்கள் இருக்கிற அளவுக்கு மகள்களும் இருக்கிறார்கள். இரத்தத்தில் இருப்பதுதான் எல்லாம் என்றால் அந்த மகள்கள் எல்லாரும் எங்கே?

மார்ச் 7

மருத்துவ பீடத்தில் படிக்கும் ஒருவர், "குடிநோயின் பரம்பரைப் பங்கு 50 வீதம், அதாவது இந்தப் பெடியனுக்குக் குடிகாரனாகப் பாதிக்குப் பாதி சாத்தியம்" என்று எழுதியிருக்கிறார். முதல் பாதி சரி. இரட்டையர் ஆய்வுகளையும் தத்தெடுத்த பிள்ளைகளின் ஆய்வுகளையும் சேர்த்து 2015-இல் கணக்கிட்டபோது 49 வீதம் வந்தது. இரண்டாவது பாதி அதிலிருந்து வராது.

அந்த 50 வீதம் ஒரு சனத்தொகையைப் பற்றியது. மனிதருக்கு மனிதர் இருக்கிற வித்தியாசத்தில் எவ்வளவு பங்கை மரபணு வித்தியாசத்தோடு தொடர்புபடுத்தலாம் என்றுதான் அது சொல்கிறது. ஒரு தனி ஆளின் தலைவிதியில் பாதி என்று அர்த்தம் இல்லை. ஆய்வு நடந்த இடத்தில் மது தாராளமாகக் கிடைக்கிறது, எல்லாரும் ஒரு தரமாவது குடித்துப் பார்க்கிறார்கள் என்பதும் அந்தக் கணக்குக்குள் அடங்கும். நேற்று நான் சொன்ன மகள்களை அது காணவில்லை.

ஒற்றை "குடி மரபணு" என்றும் ஒன்று இல்லை. 10 லட்சத்துக்கு மேற்பட்டவர்களை வைத்து 2023-இல் வந்த ஆய்வில் மரபணுத் தொகுதியின் 110 இடங்கள் அகப்பட்டன. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சின்னது. கிழக்காசியர்களில் பலருக்கு ஏ.எல்.டி.எச்.2 என்ற நொதி சரியாக வேலை செய்யாது. ஒரு கிளாசிலேயே முகம் சிவந்து வயிற்றைப் பிரட்டும், அதனால் குடிப்பது குறைவு. ஒரே மரபணு பெரிதாகத் தாக்கும் உதாரணம் அந்த மாதிரி ஒன்றிரண்டுதான். அந்த அதிர்ஷ்டம் எங்கள் பக்கத்துச் சனத்தில் அரிது.

மார்ச் 9

நேற்று வெள்ளவத்தையில் ஒரு கலியாணம். மண்டபத்துக்கு வெளியே, வாகனங்களுக்குப் பின்னால் வழக்கமான ஆம்பிளைக் கூட்டம். ஒரு பெரியவர் 20 வயதுப் பெடியன் ஒருவனின் தோளில் கை போட்டு, "இவன் தகப்பனைப் போல, எவ்வளவு உள்ளே போனாலும் ஒரு சொட்டும் தெரியாது, நேராக நிற்பான்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், பெடியனுக்கு முகமெல்லாம் பெருமை. என் அண்ணாவைப் பற்றியும் பெரியப்பா இதே வசனத்தைத்தான் சொல்வார். எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது, சாப்பாடு இறங்கவில்லை.

ஏனென்றால், ஸ்கேனை விட, மரபணுச் சோதனையை விட, எங்கள் கண்ணுக்கு நேரே தெரிகிற அறிகுறி அதுதான். அமெரிக்காவில் சான் டியேகோவில் மார்க் ஷக்கிட் என்ற மருத்துவர், குடிநோயுள்ள தகப்பன்களின் மகன்களுக்கு அவர்களுடைய 20 வயதளவில் ஆய்வுகூடத்தில் அளவாக மது கொடுத்து, எவ்வளவு வெறிக்கிறது, எவ்வளவு தள்ளாடுகிறார்கள் என்று அளந்தார். பத்து வருடமளவில் திரும்பத் தேடிப் பிடித்துப் பார்த்து 1994-இல் முடிவை வெளியிட்டார். குறைவாக வெறித்தவர்களில் 56 வீதமானவர்களுக்குக் குடிநோய் வந்திருந்தது. கொஞ்சத்திலேயே வெறித்தவர்களில் 14 வீதம்தான்.

காரணம் விளங்கக் கஷ்டமில்லை. போதும் என்று உடம்பு சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாவிட்டால் இன்னொன்று, இன்னொன்று என்று போகும். கூட இருப்பவர்களும் அதிகம் குடிப்பவர்களாகவே அமைந்துவிடுவார்கள். நாங்கள் "உறுதியான உடம்பு" என்று கைதட்டுகிறோமே, அந்தப் பிள்ளைக்குத்தான் எச்சரிக்கை தேவை. இரண்டு பியரில் தலை சுற்றிச் சத்தி எடுக்கிற பெடியனைக் கேலி பண்ணுகிறோம். அவனுக்கு அவன் உடம்பே காவல்.

தங்கச்சி, உங்கள் வீட்டுக்காரருக்கும் அவருடைய தம்பிக்கும் இதைச் சொல்லுங்கள். நாளைக்கு உங்கள் மகன் பெரியவனாகி யாராவது அப்படிப் புகழ்ந்தால், அந்த இடத்திலேயே மறித்துப் பேச ஒருவர் வேண்டும்.

மார்ச் 10

"அம்மா வயிற்றில் இருக்கும்போது குடித்தால்தான் மூளை பாதிக்கும், அப்பா குடித்தால் ஒன்றுமில்லை" என்று எழுதியிருப்பவருக்கு: இரண்டும் வேறு வேறு விஷயம். கர்ப்பத்தில் மது போனால் கருவின் மூளை நேரடியாகச் சேதப்படலாம். அது பரம்பரை அல்ல, நஞ்சு. அப்பாவிடமிருந்து வருவது மரபணுவும், அவர் உண்டாக்கும் வீடும். எங்கள் நாட்டில் குடிப்பவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் ஆண்கள், ஆகவே இங்கே பேச வேண்டியது அப்பாவைப் பற்றி.

மார்ச் 12

வீடு என்று சொன்னேன். இந்த இழையில் ஒன்றே ஒன்றைத்தான் வாசிக்க நேரமிருக்கிறது என்றால் இதை வாசியுங்கள்.

வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்கப் படையில் இருந்த இரட்டைச் சகோதரர்களின் பதிவேடு ஒன்று இருக்கிறது. தியடோர் ஜேக்கப் என்பவரும் கூட்டாளிகளும் அந்த இரட்டையர்களின் பிள்ளைகளைத் தேடிப்போனார்கள். 2003-இல் வெளிவந்த ஆய்வு. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் என்றால் இரண்டு பேரின் மரபணுவும் ஒன்றே. ஒருவர் குடிக்கு அடிமை, மற்றவர் இல்லை. அந்த அடிமையாகாதவருடைய பிள்ளைகளைப் பாருங்கள்: மரபணுக் கணக்கில் அவர்களுக்கு வந்தது, பெரியப்பாவின் பிள்ளைகளுக்கு வந்த அதே ஆபத்துத்தான். ஆனால் குடிப்பிரச்சினை இல்லாத குடும்பத்துப் பிள்ளைகளை விட அவர்களுக்கு ஆபத்து அதிகமாக இருக்கவில்லை. அடிமையானவருடைய பிள்ளைகளுக்கோ அதிகமாக இருந்தது.

இதை முதல் முதல் வாசித்தபோது நான் அழுதேன். என் தம்பிக்கு இரண்டு பிள்ளைகள். அந்த வீட்டில் போத்தல் இல்லை, சத்தம் இல்லை, பின்னேரம் ஆறு மணிக்கு ஒருவரும் வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பதில்லை. அப்பப்பாவின் மரபணு அந்தப் பிள்ளைகளுக்கும் வந்திருக்கத்தான் செய்யும்.

மார்ச் 13

"அப்போ எல்லாம் வளர்ப்புத்தான் என்கிறீர்களா, தாய்மாரைக் குற்றம் சொல்கிறீர்களா?" என்று ஒரு அக்கா கோபப்பட்டிருக்கிறா. இல்லை அக்கா. என் அம்மாவை ஒரு சொல் சொன்னாலும் நான் பொறுக்கமாட்டேன்.

மரபணுவின் பங்கு உண்மைதான். 1973-இல் டொனால்ட் குட்வின் டென்மார்க்கில் பிறந்து ஆறு கிழமைக்குள் வேறு வீட்டுக்குத் தத்துப் போன ஆண்பிள்ளைகளைப் பார்த்தார். பெற்ற தாய் அல்லது தகப்பன் குடிநோயாளியாக இருந்தவர்களில் 18 வீதமானவர்கள் குடிநோயாளிகள் ஆனார்கள், மற்றவர்களில் 5 வீதம். பெற்றவரின் முகமே நினைவில் இல்லாத பிள்ளைகள். ஆகவே வளர்ப்பு மாத்திரம் என்று சொல்ல முடியாது. ஆனால் அதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள்: அந்த ஆபத்தோடு பிறந்தவர்களில் 82 வீதமானவர்களுக்குக் குடிநோய் வரவில்லை.

இன்னொன்றும் சேர்க்க வேண்டும், 4-ஆம் தேதி எழுதியதற்கு. அமிக்டலா சிறிதாக இருந்தது பரம்பரையாலா, பயத்தில் வளர்ந்ததாலா என்று ஒரு ஸ்கேனை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. சண்டையும் பயமும் நிறைந்த வீட்டில் வளர்வதும் மூளையின் அதே பகுதிகளில் பதிகிறது. குடிகாரக் குடும்பத்துப் பிள்ளைக்கு இரண்டும் சேர்ந்தே வருகிறது. இதில் மரபணுவை மாற்ற எங்களால் முடியாது. மற்றதில் கொஞ்சமாவது முடியும்.

மார்ச் 15

இது அவசரம், அதனால் தனியாக எழுதுகிறேன். "நாளையிலிருந்து இவருக்கு ஒரு சொட்டும் கொடுக்கமாட்டேன், போத்தலை எல்லாம் கொட்டப் போகிறேன்" என்று தங்கச்சி எழுதியிருக்கிறா. கவனம். பல வருடமாக நாள்தோறும் நிறையக் குடிப்பவர் ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் ஆளே மாறி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்து, காய்ச்சலும் நடுக்கமுமாக உயிருக்கே ஆபத்தாகலாம். காலையில் கை நடுங்குகிறது, குடித்தால் நிற்கிறது என்றால் வைத்தியரிடம் காட்டித்தான் நிறுத்த வேண்டும். அண்ணாவை நாங்கள் அங்கொடை மனநல ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிக்கொண்டு போனோம். "அங்கொடை" என்றதும் அம்மா தலையில் அடித்துக்கொண்டா, சனம் என்ன சொல்லும் என்று. போன பிறகுதான் தெரிந்தது, அங்கே இதற்கென்று மருந்தும் ஆட்களும் இருக்கிறார்கள். அந்தத் தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி இலக்கம் 1926. கொழும்பு 7-இல் சுமித்ரயோ என்ற தொண்டு அமைப்பு குடிக்கு அடிமையானவர்களுக்காக நடத்தும் மெல் மெதுர என்ற நிலையமும் இருக்கிறது, அங்கே குடும்பத்தவர்களோடும் கதைப்பார்கள். பிள்ளைக்கு அடி உதை என்று போனால் சிறுவர் உதவி இலக்கம் 1929.

மார்ச் 19

தங்கச்சி கேட்ட கடைசிக் கேள்வி: மகனுக்கு இதையெல்லாம் சொல்லலாமா, சொன்னால் பயப்படுவானா?

சொல்லுங்கள். அவனுக்கு ஏற்கெனவே மாமி சொல்லிவிட்டா, அதுவும் பிழையாக. நீரிழிவுக் குடும்பத்துப் பிள்ளைக்கு, "உனக்கும் வரலாம், சீனியைக் கவனி" என்று கூச்சப்படாமல் சொல்கிறோம். நான் என் மகனுக்கு அவன் 13 வயதில் சொன்னேன். அப்பப்பா ஈரலில் செத்ததை உங்கள் வீட்டில் மறைத்திருந்தால் அதையும் சொல்லுங்கள், குறைத்துச் சொல்ல வேண்டாம். "உன் உடம்புக்கு மற்றப் பெடியன்களை விட இதில் ஆபத்து கூட இருக்கலாம். கட்டாயம் வரும் என்று இல்லை. எவ்வளவு பிந்துகிறாயோ அவ்வளவு நல்லது." இவ்வளவுதான்.

பிந்துவதைப் பற்றிச் சும்மா சொல்லவில்லை. 1997-இல் அமெரிக்காவில் வந்த பெரிய ஆய்வில், 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்களில் 40 வீதத்துக்கு மேற்பட்டவர்கள் வாழ்க்கையில் ஏதோ ஒரு கட்டத்தில் அடிமையாகியிருந்தார்கள். 20 வயதுக்குப் பிறகு தொடங்கியவர்களில் சுமார் 10 வீதம். சீக்கிரம் தொடங்கியதே காரணமா, ஏற்கெனவே அவசர சுபாவம் உள்ளவர்கள்தான் சீக்கிரம் தொடங்குகிறார்களா என்று வாதம் இருக்கிறது. எப்படியென்றாலும் முன்மூளை முற்றாத வயதில் மதுவைத் தள்ளிப்போடுவதால் ஒரு நட்டமும் இல்லை. எங்கள் சட்டமும் 2006-இலிருந்து 21 வயதுக்குக் கீழே விற்கக் கூடாது என்கிறது. அண்ணாவின் கையில் முதல் பியர்க் கிளாசைக் கொடுத்தது கடைக்காரன் இல்லை, பெரியப்பா. "ஆம்பிளைப் பிள்ளைதானே, ஒரு வாய் குடிச்சுப் பார்" என்றார், எங்கள் வீட்டுக் கூடத்தில், எல்லாருக்கும் முன்னால். அண்ணாவுக்கு அப்போது உங்கள் மகனின் வயது.

சித்திரை வருஷப் பிறப்பு வருகிறது. உங்கள் கொழுந்தன் போத்தலோடு வருவார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு மகனைச் சோடா வாங்கவும் ஐஸ் எடுக்கவும் பைட் (குடிக்குத் தொட்டுக்கொள்ளும் தீனி) பரிமாறவும் அனுப்ப வேண்டாம், அந்த வேலையைப் பெரியவர்களே பார்க்கட்டும். மாமியிடமும் போய் நேரே சொல்லுங்கள், "இனி இவனைப் பார்த்து அந்தக் கதை கதைக்க வேண்டாம்" என்று. உங்களால் முடியாவிட்டால் உங்கள் அண்ணாவை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.